லோலா டாப்ளின் விட்டுப்போன வீடு: பிரெட்ஃபோர்ட்டன் ஃப்ளீஸ் இன்

இங்கிலாந்தின் பிரெட்ஃபோர்ட்டன் கிராமத்தில் இருக்கும் பழைய பப்பான ஃப்ளீஸ் இன்னுக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். முதல் தடவை மதியச் சாப்பாட்டுக்கு. இரண்டாவது, கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டுவதற்கென்றே. மூன்றாவது, மே மாதக் கடைசியில் அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறியின் ஏலம் பார்க்க. வொர்செஸ்டரில் நர்ஸாக வேலைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பப் எத்தனையோ பார்த்தாயிற்று. இதைப் பற்றி மட்டும் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

நான் குடிக்கிறவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பப் என்றதும் நம் ஊர் டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். இங்கே கிராமத்துப் பப் என்பது பாதி திண்ணை, பாதி சாப்பாட்டுக் கடை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், ஒரு கப் காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஊர் பெயர் பிரெட்ஃபோர்ட்டன். ஈவ்ஷம் டவுனுக்குக் கிழக்கே சுமார் நாலு மைல். ஊர் நடுவே சின்னச் சதுக்கம், பக்கத்தில் புனித லெனார்ட் தேவாலயம், இந்தப் பக்கம் ஃப்ளீஸ். கறுப்பு மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுவர், அதன் மேல் வைக்கோல் வேய்ந்த கூரை. மரச்சட்டம் ஒன்றுகூட நேராக இல்லை. அறுநூறு வருஷமாக வீடு தன் பாட்டுக்கு அசைந்து அசைந்து உட்கார்ந்திருக்கிறது.

இது பப்பாகக் கட்டப்பட்டதில்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்ட் என்ற குடியானவக் குடும்பத்தின் வீடாக எழுந்தது. நீளமான ஒரே கூரை, ஒரு பக்கம் மனிதர்கள், மறு பக்கம் மாடுகள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கொல்லைப்புறம் தொழுவம் இருக்கும். இங்கே குளிர் காரணமாக மாட்டையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள், மாட்டின் சூடும் வீட்டுக்குத்தான். ஃப்ளீஸ் என்றால் ஒரு ஆட்டிலிருந்து கத்தரித்தெடுத்த முழு ரோமம். பக்கத்திலேயே காட்ஸ்வோல்ட்ஸ் மலை, அந்தக் காலத்தில் அந்த மலைச்சரிவின் கம்பளிதான் இந்தச் சீமைக்கே பணம். அதனால் பெயர் வெளியிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை.

குடியானவன் வீடு பப்பானது எப்படி என்று பல நாள் யோசித்தேன். விடை ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1830இல் இங்கே பியர் சட்டம் ஒன்று வந்தது. அதுவரை மதுக்கடை வைக்க உள்ளூர் மாஜிஸ்திரேட் தயவு வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பிறகு வரி கட்டுகிற எந்தக் குடும்பஸ்தரும் வருஷத்துக்கு இரண்டு கினி (அந்தக் காலத்து இங்கிலீஷ் பணக் கணக்கு) கட்டிவிட்டால் போதும், சொந்த வீட்டு முன்னறையிலேயே பியர் விற்கலாம். ஜின் என்ற கடும் சாராயத்திலிருந்து ஜனங்களைப் பியருக்குத் திருப்பலாம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படிக் கடையாயின. பிரெட்ஃபோர்ட்டனில் ஹென்றி பேர்ட் 1848இல் தன் வீட்டில் பியரும் சைடர் என்ற ஆப்பிள் மதுவும் விற்க ஆரம்பித்தார். தென்னையும் பனையும் நமக்கு எப்படியோ அப்படி இவர்களுக்கு ஆப்பிளும் பார்லியும். வீட்டுக்கென்று காய்ச்சியதை ஊருக்கும் ஊற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான். இன்றைக்கும் உள்ளே ஒரு அறைக்கு ப்ரூஹவுஸ், அதாவது பியர் காய்ச்சும் அறை, என்றே பெயர்.

பப் நடத்துகிறவரை இங்கே லேண்ட்லார்டு என்பார்கள், பெண்ணாக இருந்தால் லேண்ட்லேடி. வாடகை வாங்க வரும் ஹவுஸ் ஓனர் என்று நினைத்துக்கொண்டு நான் முதல் வருஷம் குழம்பியிருக்கிறேன். கட்டடம் அவருடையதாக இருக்க வேண்டும் என்றே இல்லை. பெரும்பாலும் பியர் கம்பெனியின் சொத்தாக இருக்கும், இவர் குத்தகைக்காரர். ஆனால் மாடியில் குடியிருப்பார். யாருக்கு எவ்வளவு ஊற்றலாம், யாரை இன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லலாம் என்பதெல்லாம் அவர் கையில். வாசல் நிலைக்கு மேலே லைசென்ஸ் அவர் பெயரில் எழுதி மாட்டும் வழக்கமும் உண்டு. பழைய பப்களில் நான் முதலில் தலை தூக்கிப் பார்ப்பது அந்தப் பலகையைத்தான்.

ஃப்ளீஸின் விசேஷம், 1848 முதல் 1977 வரை அது ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. கடைசியாக நடத்தியவர் லோலா டாப்ளின். ஹென்றி பேர்ட் வழி வந்தவர். கடைசி முப்பது வருஷம் தனி ஆளாக நடத்தியிருக்கிறார். 1977இல், ஸ்னக் என்று இங்கே சொல்லும் சின்ன அறையில், கணப்பு நெருப்புக்கு முன்னாலேயே அவர் உயிர் போனது. வீட்டையும் உள்ளே இருந்த சாமான்களையும், பழைய இடங்களைக் காப்பாற்றும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார்.

இந்த ஒரு விஷயம்தான் என்னை இழுத்தது. என் அம்மா கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருஷம் மெஸ் நடத்தினவள். முன்னறையில் எட்டு பேர் உட்காரும் பெஞ்சு, பின்னால் நாங்கள் தூங்கும் அறை. சாப்பிட வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டு வாசம் தெரியும், எங்களுக்கு அவர்களின் பசி தெரியும். முட்டி வலி வந்து அவள் மெஸ்ஸை விட்டபோது ஒருவர் வாங்கினார். பெயர்ப் பலகையை அப்படியே வைத்துக்கொண்டார். ஒரே வருஷத்தில் பெஞ்சு போனது, வாழை இலை போனது, வத்தக்குழம்பு போனது, பலகை மட்டும் நின்றது. அம்மா அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். அதனால் ஒரு பெண் விட்டுப்போன கடையை, அவள் போன பிறகு வைத்திருக்கிறவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்கப் போனேன். சாப்பாடு அதற்கு அப்புறம்தான்.

சொல்கிறேன். நன்றாக வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழையும்போது தலையைக் குனிய வேண்டும், உத்தரம் அவ்வளவு தாழ்வு. தரை முழுக்கக் கல் பாவியது, நடந்து நடந்து நடுவில் குழிந்திருக்கிறது. பியூட்டர் ரூம், ப்ரூஹவுஸ், டக்அவுட் என்று அறைகளுக்குப் பெயர். பகலிலும் இருட்டுத்தான். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும், அவசரப்படாமல் நில்லுங்கள்.

பியூட்டர் ரூமில் கணப்புக்கு எதிரே கருத்துப்போன ஓக் மர அலமாரி. அதில் வரிசை வரிசையாகத் தட்டுகள், தாம்பாளங்கள், 17ஆம் நூற்றாண்டுச் சாமான். பியூட்டர் என்பது பெரும்பாலும் வெள்ளீயம், கொஞ்சம் காரீயம் அல்லது செம்பு சேரும். வெள்ளி மாதிரி பளபளக்காது. மழைக்கு முன்னால் வானம் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நிறம். பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டு ஈயச்சொம்புதான் ஞாபகம். ரசம் வைக்கிற அதே ஈயச்சொம்பு. விளிம்பில் விரல் நகம் பட்டாலே கோடு விழும் மென்மை, அதே மங்கல் பளபளப்பு. ஐயாயிரம் மைல் தள்ளி இப்படி ஒரு உறவுக்காரச் சாமானைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

இந்தத் தட்டுகளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1651இல் வொர்செஸ்டர் சண்டைக்குப் போகும் வழியில், ராஜாவை எதிர்த்த பாராளுமன்றப் படையின் தளபதி ஆலிவர் கிராம்வெல் இந்த வீட்டிலிருந்த தங்கம், வெள்ளிச் சாமான்களைப் படைக்குச் சம்பளம் கொடுக்க எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இந்தப் பியூட்டரை விட்டுப்போனாராம். கதை கதைதான். ஒரு குடியானவன் வீட்டில் அவ்வளவு தங்கம் எப்படி இருந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வருஷம் செப்டம்பர் 3ஆம் தேதி வொர்செஸ்டரில் நடந்த சண்டையோடு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரே முடிந்தது என்பது சரித்திரம். நான் தினமும் வேலைக்குப் போகும் ஊர் அது.

அடுத்து வட்டங்கள். கணப்புகளுக்கு முன்னால் கல் தரையில் வெள்ளையாக வட்டம் போட்டிருக்கிறார்கள். புகைபோக்கி வழியாகச் சூனியக்காரி இறங்கி வந்துவிடக் கூடாது என்பதற்கு. கதவைத் தாழ்போடலாம், ஜன்னலைச் சாத்தலாம், புகைபோக்கியை மூட முடியாதில்லையா? அதனால் அந்த வாயில் மட்டும் எப்போதும் திறந்தே கிடக்கிறது, அதற்குத்தான் இந்தக் காவல். வாசலில் கோலம் போட்டு வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் குனிந்து பார்த்தேன். கோடு அப்போதும் திடமாக இருந்தது. இத்தனை கால் மிதித்தும் அழியாமல் இருக்கிறதென்றால் யாரோ மறுபடி மறுபடி போடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

லோலா விட்டுப்போன விருப்பங்களில் எல்லாரும் சொல்வது ஒன்று, பாரில் உருளைக்கிழங்கு கிரிஸ்ப்ஸ் விற்கக் கூடாது. நாம் சிப்ஸ் என்கிறோமே, அந்தப் பாக்கெட். இங்கே பியரும் கிரிஸ்ப்ஸும் நம் ஊர் டீயும் வடையும் மாதிரி, பிரிக்க முடியாது. அதையே வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார் என்றால், எனக்குப் புரிகிற காரணம் ஒன்றுதான்: அந்தச் சரசரக்கும் பாக்கெட்டையும் தரையில் நொறுங்கிக் கிடக்கும் தூளையும் தினமும் பெருக்கியது அவர் கை. அம்மா மெஸ்ஸில் முறுக்குப் பாக்கெட் வைக்க எத்தனையோ ஏஜென்ட் வந்து கேட்டார்கள். "பெருக்குறது நீயா நானா?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். நான் போன மூன்று தடவையும் பார் பக்கம் கிரிஸ்ப்ஸ் பாக்கெட் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நேஷனல் டிரஸ்ட் என்பது பழைய மாளிகை, தோட்டம், கடற்கரை என்று காப்பாற்றும் அமைப்பு, 1895இல் தொடங்கியது. பப் அவர்களுக்குப் புதிதில்லை. லண்டன் சவுத்வார்க்கில் இருக்கும் ஜார்ஜ் இன் 1937இல் ஒரு ரயில்வே கம்பெனியிடமிருந்து அவர்களுக்கு வந்தது. பெல்ஃபாஸ்டில் கண்ணாடியும் ஓடும் பதித்த கிரவுன் பார் 1978இல் வந்தது. அவையெல்லாம் வழிப்போக்கர்களுக்கும் ஊர்சுற்றிகளுக்கும் இருந்த பெரிய கடைகள். ஃப்ளீஸ் ஒருவர் வசித்த வீடு, அவர் கையால் எழுதிக் கொடுத்த வீடு. இப்போது டிரஸ்டிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவர்கள் நடத்துகிறார்கள். கண்ணாடிப் பெட்டி போட்டு, கயிறு கட்டி, "தொடாதே" என்று எழுதி வைத்து மியூசியமாக்கிவிடவில்லை. அந்த அலமாரிக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டோம். பழைய பப்களின் உட்புறம் கெடாமல் இருக்கப் பாடுபடும் காம்ரா என்ற பியர்க்காரர்கள் சங்கமும் தேசிய அளவில் காக்கப்பட வேண்டிய பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது.

இப்போது சாப்பாடு. வீட்டுக்காரர் வாங்கியது பை (pie), மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பண்டம், மேல் மாவு மொறுமொறுவென்று, உள்ளே கறி நன்றாக வெந்து. உள்ளூர் சைடர் அரை பைன்ட் குடித்துப் பார்த்தார். நம் ஊரில் கிடைக்கும் இனிப்பு சைடர் மாதிரி இல்லை, வாயைச் சுருக்கும் துவர்ப்பு இருக்கிறதென்றார். நான் வாங்கியது அஸ்பாரகஸ். வெந்நீரில் காட்டி எடுத்த தண்டு, மேலே வெண்ணெய், பக்கத்தில் ரொட்டி. வேறு ஒன்றும் கிடையாது, வேண்டியதும் இல்லை. பட்டாணியைத் தோலோடு கடித்த மாதிரி ஒரு பச்சை வாசம். சூப்பர்மார்க்கெட்டில் பெரு நாட்டிலிருந்து வருவதை வாங்கிச் சாப்பிட்டு, இதில் என்ன இருக்கிறதென்று நினைத்திருந்தேன். அறுத்த அன்றைக்கே சாப்பிட்டால்தான் தெரிகிறது. வெட்டிய நிமிஷத்திலிருந்து அதன் இனிப்பு இறங்க ஆரம்பித்துவிடும், நம் சோளக்கதிர் மாதிரி.

ஈவ்ஷம் சமவெளியே அஸ்பாரகஸுக்குப் பேர் போனது. இங்கே அதை "கிராஸ்" என்கிறார்கள். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தக்காரச் செடிதான் இது. நாம் கிழங்கை எடுத்துக்கொள்கிறோம், இவர்கள் முளையை எடுத்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் தினத்தில் அறுவடை தொடங்கும். ஜூன் 21 வாக்கில் நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் முளை வந்தாலும் தொட மாட்டார்கள். அதை இலைவிட்டு வளர விட்டால்தான் அடியில் வேர் தேறி அடுத்த வருஷம் முளைக்கும். புதுப் பாத்தி போட்டால் முதல் அறுவடைக்கே இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். எட்டு வாரப் பயிர், அதனால்தான் இந்த ஆர்ப்பாட்டம்.

ஏலம் அந்த எட்டு வாரத்துக்கு நடுவே மே மாதக் கடைசி விடுமுறையில். கட்டுக் கட்டாக கிராஸ் வரும். "ஒரு நூறு" என்று ஏலம் கூவுவார்கள், எண்ணிப் பார்த்தால் 120 தண்டு இருக்கும். ஆறு இருபதை நூறு என்று சொல்லும் பழைய கணக்கு இன்னும் இந்த ஒரு பயிரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏலப் பணம் ஊரின் சில்வர் பேண்டு வாத்தியக் குழுவுக்குப் போகிறது. அதனால் விலை கேட்கிறவர்கள் கடைவிலை பார்த்துக் கேட்பதில்லை, கோயில் திருவிழாவில் மாலையை ஏலம் எடுக்கிற மாதிரி கேட்கிறார்கள். ஒரு பெரியவர் கட்டை ஏலத்தில் எடுத்து, திருப்பி அதையே மறுபடி ஏலம் விடச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் தாத்தா இதையேதான் செய்வார்.

போகிறவர்களுக்கு: கார் இருந்தால் சுலபம். ரயிலில் என்றால் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வொர்செஸ்டர் போகும் பாதையில் ஹனிபோர்ன் ஸ்டேஷன்தான் பக்கம், அங்கிருந்து டாக்ஸி பிடியுங்கள். ஏல நாளில் ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், சீக்கிரம் போய்விடுங்கள். பின்னால் பெரிய தோட்டம், பழைய வைக்கோல் கொட்டகை எல்லாம் உண்டு, பிள்ளைகள் ஓடியாட வசதி. ஆனால் முதல் தடவை போகிறவர்கள் தோட்டத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள், வெயில் அடித்தாலும் உள்ளேயே இடம் பாருங்கள். கூட்டம் இல்லாத கிழமை நாளாகப் பாருங்கள். அலமாரிக்கு எதிரே உள்ள பெஞ்சு காலியாக இருந்தால் யோசிக்காமல் உட்காருங்கள்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் இரண்டாம் தடவை அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே சாயங்காலம், அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். போனைத் தட்டு வரிசை பக்கம் திருப்பினேன்.

"ஈயமாடீ அது?"

"ஆமாம்மா. முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"கிட்டக் காட்டு."

காட்டினேன். அப்புறம் லோலாவைப் பற்றிச் சொன்னேன். முப்பது வருஷம் தனியாக நடத்தியது, கணப்பு முன்னால் போய்ச் சேர்ந்தது, எழுதி வைத்தது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், குறுக்கே பேசவில்லை. 2004 பிப்ரவரியில் புகைபோக்கியிலிருந்து பறந்த ஒரு பொறி வைக்கோல் கூரையில் விழுந்து பற்றிக்கொண்டது என்று சொன்னபோதுதான் குறுக்கிட்டாள்.

"தட்டை எடுத்தாங்களா?"

ஆளுக்கு என்ன ஆனது, வீடு என்ன ஆனது என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஈயச்சொம்போடு குடித்தனம் பண்ணினவளுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் வரும். ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் அடி உருகி ஓடிவிடும். கல்யாணமான புதிதில் அம்மா அப்படி ஒன்றை உருக்கிவிட்டு அழுதிருக்கிறாள். கூரை எரிகிற சூட்டில் இந்த அலமாரி நின்றிருந்தால் மிஞ்சியிருப்பது தரையில் ஒரு ஈயக் குட்டைதான்.

எடுத்துவிட்டார்கள் அம்மா என்றேன். மேலே கூரை எரிய எரிய, ஊர்க்காரர்களும் வேலை செய்கிறவர்களும் கீழே இருந்த சாமான்களைக் கைமாற்றி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மரச்சட்டங்கள் பெரும்பாலும் தப்பின. கூரையைப் பழையபடி வேய்ந்து 2005இல் திறந்தார்கள். தட்டுகள் திரும்பி அலமாரிக்கு வந்தன, வட்டங்களும்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புளி போட்டுத் தேச்சா கறுத்துடும். சாம்பல் போட்டா கோடு விழும். யார் தேய்க்கிறா, எதைப் போட்டுத் தேய்க்கிறா? கேட்டுச் சொல்லு."

அன்றைக்குப் பாரில் ஒரே கூட்டம். நாலாவது தடவை போகும்போது அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.